இருப்பாரு

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பேச்சு போனபோது ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சமானது. "இருப்பாரு."

அது எப்படி மிஞ்சியது என்பதற்கு பேக்கரிக்காரர்தான் சாட்சி. வாரக் கடைசியில் பேக்கரியின் பின்கட்டில், மாவு மூட்டைகள் மேல் உட்கார்ந்து மூன்று பேர் பேசுவது வழக்கம். பேக்கரிக்காரர், மெக்கானிக், மூன்றாவதாக வங்கி வாசலில் காவல் நிற்கும் 'கோல்போஸ்ட்'. ஆள் நெட்டை, நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டார், அதனால் அந்தப் பெயர். மூவருக்கும் ஒரே கால்பந்து கிளப். அந்த வாரம் ஊரெல்லாம் ஒரே பேச்சு. கிளப்பின் மேனேஜரை வேறொரு பெரிய கிளப்பில் கூப்பிடுகிறார்கள், போவாரா, மாட்டாரா?

"போயிடுவாரு. தேடி வர்ற சீதேவிய எவன்யா காலால எட்டி உதைப்பான்?" என்றார் கோல்போஸ்ட்.

"இருப்பாரு," என்றார் மெக்கானிக்.

"வீட்டை விக்கப் போட்டிருக்காராம். நாயைக்கூட அனுப்பி வெச்சிட்டாராம்."

"நாயா ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுச்சு? இருப்பாருடா."

"எழுதி வெச்சுக்கோ மாப்ளே, அடுத்த சீசனுக்கு அந்த ஆளு..."

"இருப்பாரு!"

சொல்லிக்கொண்டே மெக்கானிக் மாவு மூட்டையில் ஓங்கி அறைந்தார். வெள்ளையாகத் தூசி எழும்பியது. அது அடங்கியபோது அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. இன்னொரு தடவை "இருப்பாரு" என்றார். அதைக் கோல்போஸ்ட்டைப் பார்த்துச் சொல்லவில்லையாம், கோல்போஸ்ட்டின் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாராம். பின்னால் அடுப்புச் சுவர்தான். அதற்குப் பிறகு சரிந்துவிட்டார்.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது, வலது கையும் காலும் போயின, உயிர் தப்பியது. சில பேருக்கு அந்த நேரத்தில் வாயில் இருந்த சொல் அப்படியே தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். மற்ற சொற்கள் வரலாம், வராமலும் போகலாம். மெக்கானிக்கின் மனைவியோடு வராந்தா வரை நடந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாரும்மா, ஜாக்கிரதையா பாத்துக்கோங்க," என்றார்.

மனைவி மார்க்கெட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஃப்ரேமைச் சூடுகாட்டி வளைத்து லென்ஸ் பொருத்துவாள். பார்க்க வந்தவர்களிடம் அவள் அழவில்லை. "கட்டின பொண்டாட்டி பேரு மிஞ்சலை, மகள் பேரு மிஞ்சலை, மேனேஜர் மிஞ்சியிருக்காரு. இத்தனை வருஷமா யாருக்கு வாக்கப்பட்டேன்னு இப்பத்தான் தெரியுது," என்றாள். வெளியூரில் இருந்து ஓடி வந்த மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் வாழ்க்கையில் பாதி லிஃப்ட் குழிகளில் கழிந்தது. பெட்டியின் தலைமேல் ஏறி, இருட்டில், கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவுகிற வேலை. பெட்டியை நகர்த்துவதற்கு முன் கீழே குனிந்து, "ஆள் இருக்கா?" என்று கத்துவார். பதில் வராவிட்டால் இறங்கிப் போய்ப் பார்க்காமல் பொத்தானைத் தொட மாட்டார். "பதில் வரலேன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமில்லை," என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். "இருந்தும் பதில் சொல்ல முடியாம இருக்கலாம்." வீட்டுக்கு வந்தால் கைகழுவவே கால்மணி ஆகும். கோபம் வந்தால் கத்துவார், கத்தின மறுநிமிஷம் டீ கேட்பார். கல்யாணமான புதிதில் அவளிடம், "எனக்கு முதல்ல கிளப், அப்புறம்தான் நீ. கவலைப்படாதே, கிளப்புக்கு வாரத்துல ஒரு நாள்தான் ஆட்டம்," என்றவர்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவள் அந்தச் சொல்லின் ராகங்களைப் படித்துக்கொண்டாள். கடையிலும் அப்படித்தான். ஃப்ரேம் காதோரம் அழுத்தினாலும் வாடிக்கையாளர்கள் "சரியா இருக்கு" என்பார்கள், முகம்தான் உண்மையைச் சொல்லும். 'இருப்பாரு' குட்டையாக வந்தால் தண்ணீர். இழுத்து வந்தால் வலி. மூக்கால் வந்தால் டி.வி. சேனலை மாற்று.

"குழம்புல உப்பு போதுமா?"

"இருப்பாரு."

"இருந்துட்டுப் போகட்டும். இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

"இருப்பாரு, இருப்பாரு."

"போதும்னு சொன்னா போதும், எதுக்கு ரெண்டு தடவை?"

இப்படி ஒரு குடித்தனம் ஓடத்தான் செய்தது. அவளுக்குப் பிடிபடாத ராகம் ஒன்றே ஒன்று. சாயங்காலம் அவள் அடுப்படியில் இருக்கும்போது, அறையில் அவர் தனியாக இருக்கும்போது, அந்தச் சொல் மெதுவாகக் கேட்கும். கூப்பிடுகிற குரல் அல்ல. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல். கரண்டியோடு போய் எட்டிப் பார்ப்பாள். அவர் கதவோரத்தைப் பார்த்தபடி இருப்பார்.

"யாரு கேட்டா?"

அவளைப் பார்ப்பார். பிறகு மறுபடி கதவோரத்தைப் பார்ப்பார்.

பார்க்க வருகிற உறவுக்காரர்கள் செருப்பை மாட்டும்போது தாழ்ந்த குரலில் அவளிடம் கேட்பார்கள், "இருப்பாரா?" அவள் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்துவிடும். வந்தவர்கள் மாட்டின செருப்போடு வேகமாகப் படியிறங்குவார்கள். பாதிப் பேர் மறுபடி வரவில்லை. மாடிப்படி அதிகம் என்று சாக்கு. அந்தக் கேள்வியை மட்டும் அவள் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. விளையாட்டுக்குக்கூட.

அந்த சீசன் மேனேஜர் போகவில்லை. பெரிய கிளப் வேறு ஆளைப் பிடித்தது. பேக்கரிக்காரர் ஒரு தட்டு நிறைய பன்னோடு வந்தார். "சொன்னானா இல்லையா! பேச்சு போனாலும் வாக்கு போகலை அண்ணி!"

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை," என்றாள் அவள். பன்னை வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து ஆட்ட நாளில் மூன்று பேரும் அவர் அறையில்தான். மேனேஜரைப் பற்றி வதந்தி கிளம்பும்போதெல்லாம் பேக்கரிக்காரர் கட்டிலருகே குனிந்து, சாமியிடம் குறி கேட்கிற மாதிரி, "மாப்ளே, இருப்பாரா?" என்பார். "இருப்பாரு." வதந்தி அடங்கும். விஷயம் பேக்கரி வழியாகப் பரவியது. முன்பின் தெரியாத ரசிகர்கள் கிளப் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார்கள். அவள் ஒருவனைத் தடுத்து, "தம்பி, அவருக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தை. நீ என்ன கேட்டாலும் அதைத்தான் சொல்வாரு," என்றாள்.

"தெரியும்க்கா," என்றான் அவன். "அதைக் கேக்கத்தான் வந்தேன்."

மறு வருஷம் வதந்தி முன்னைவிடப் பலமாகக் கிளம்பியிருந்த நேரத்தில் மேல்வீட்டுப் பெண் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கிளார்க். கிளப், மேட்ச் எதுவும் தெரியாதவள். தலை வாராமல், ஆஸ்பத்திரிப் பையோடு நின்றாள்.

"அக்கா, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"என்னம்மா?"

"அப்பாவை ஐ.சி.யு.ல வெச்சிருக்காங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லை. சும்மா ஒரு தடவை காதால கேட்டுட்டுப் போறேன்."

மனைவிக்கு மறுக்க மனம் வரவில்லை. ஒரே சொல்தானே, அதுவும் நல்ல சொல். கேட்டுவிட்டுப் போகட்டும்.

அந்தப் பெண் கட்டிலருகே குனிந்தாள். "அண்ணா. எங்கப்பா இருப்பாரா?"

அவர் அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. சொல் வரவில்லை.

"அண்ணா?"

நாக்கு மேலண்ணத்தைத் தொடுவது தெரிந்தது. தொண்டை அசைந்தது. காலையில் தண்ணீருக்கு வந்த சொல், அரைமணிக்கு முன் டி.வி. சத்தத்தைக் குறைக்க வந்த சொல் அது. அவர் நெற்றியில் வியர்த்தது. கண்ணைக் கதவோரத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

மனைவி குறுக்கே வந்தாள். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுத் திருப்பி, "இருப்பாரும்மா. இவருக்கு இன்னிக்கு முடியலை. அதான் நான் சொல்றேன்ல, இருப்பாரு, போ," என்றாள். அவருடைய ராகத்திலேயே சொன்னாள். அவளையறியாமல் அப்படி வந்துவிட்டது. படுக்கையிலிருந்து அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கடையில் தப்பான கண்ணாடியை மாட்டிவிட்டால் வாடிக்கையாளர் பார்ப்பாரே, அந்த மாதிரி இருந்தது.

மேல்வீட்டு அப்பா அன்று சாயங்காலமே போய்விட்டார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் வேறொரு பயம் குடிவந்துவிட்டது. இதுவரை அந்தச் சொல் மாவு மூட்டையில் சிக்கிக்கொண்ட சொல், வேறு வழியில்லாமல் வருகிற சொல் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படியென்றால் வராமல் போனது எப்படி? யார் நிறுத்தினது?

சீசனின் கடைசி ஆட்டத்தன்று நண்பர்கள் வந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் நிருபர்களைச் சந்திக்கிறார் என்று டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசலிலேயே மறித்தாள்.

"ஆட்டம் பாருங்க, டீ குடிங்க. அவர்கிட்ட எதையும் கேக்காதீங்க."

"ஏன் அண்ணி?" என்றார் பேக்கரிக்காரர்.

"உடம்புக்கு ஆகலை. சொன்னா கேளுங்கண்ணே."

பேக்கரிக்காரர் தலையாட்டினார். கோல்போஸ்ட் எந்தக் காலத்தில் யார் பேச்சைக் கேட்டார்? ஆட்டம் பூராவும் வாயை மூடிக்கொண்டிருந்தவர், அவள் டம்ளர்களை எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டுவிட்டார். "ஏன் மாப்ளே, இந்தத் தடவையாவது நான் ஜெயிப்பேனா? ஆளு இருப்பாரா?"

அவள் டம்ளரோடு திரும்பி வந்தபோது அறையில் டி.வி. சத்தம் மட்டும்தான். அவர் கதவோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா இது," என்றார் கோல்போஸ்ட். "விளையாட்டுக்குத்தானே கேட்டேன். சொல்லேன்டா. சண்டை போடு."

மேனேஜர் திரையில் வந்தார். கசங்கின கோட்டு, தூங்காத கண். மைக்கைப் பார்த்து, "இது என் கடைசி ஆட்டம்," என்று ஆரம்பித்தார். அறையில் யாரும் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாகத் தான் சொன்னது பலித்த கோல்போஸ்ட்டுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பேக்கரிக்காரர் எழுந்து டி.வி.யை நிறுத்தினார்.

"வரேன் மாப்ளே," என்றார், தொடை மேல் இருந்த மரத்துப்போன கையை எடுத்துப் பிடித்து. கோல்போஸ்ட் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கினார். வாசலில் பேக்கரிக்காரர் அவளிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். என்ன கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டாள்.

தட்டில் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். தலையணையை நிமிர்த்தினாள். முதல் கவளத்தை நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, தட்டைக் கீழே வைக்கும்வரை விடவில்லை.

"இருப்பாரா?" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. ராகம் என்று நினைத்தாள், புது ராகம். அப்புறம் உறைத்தது. சொல்லே மாறியிருக்கிறது. இத்தனை நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி. வாய் கோணவில்லை. மாவு மூட்டைக்கு முந்தைய குரல்.

"யாரு? மேனேஜரா? அவர்தான் போயிட்டாரே, பாத்தீங்களே," என்றாள் வேகமாக.

அவர் தலையை இல்லை என்று அசைத்தார். நல்ல கையின் விரலைத் தன் நெஞ்சில் வைத்தார். கண் கதவோரத்துக்குப் போய்விட்டு அவளிடம் திரும்பியது.

"இருப்பாரா?"

சொல்லிவிடலாம். மேல்வீட்டுப் பெண்ணுக்குச் சொன்ன மாதிரி, தோளைத் தொட்டு, அவருடைய ராகத்திலேயே. ஆனால் அன்றைக்கு அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இவள் வாயில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு, அதுவும் அவருக்குத் தெரியும். அவள் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. அவளுக்கும் நெற்றியில் வியர்த்தது. கதவோரத்தைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது.

"இருங்க," என்றாள்.

பாலை இறக்கிவிட்டு வருகிறேன் என்கிற மாதிரிதான் வாயில் வந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. பால் கருகும் வாடை அறைவரைக்கும் வந்தது. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில்கூட வராத அதட்டலோடு இன்னொரு தடவை சொன்னாள்.

"இருங்கன்னு சொல்றேன்ல. பேசாம இருங்க."

அவர் அவளையே பார்த்தபடி இருந்தார். வாய் திறந்தது. அவள் கவளத்தை உருட்டி ஊட்டினாள்.