தரையில் வைத்த கத்தி

ராஃபேலின் மடக்குக் கத்தியைப் பார்த்தால் எவருக்கும் சிரிப்புத்தான் வரும். மரப்பிடி, ஒரே அலகு, மடக்கினால் விரல் நீளம். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மலாயாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் சலாவுதீன் கடையில் வாங்கியது. பத்து வருஷமாக அதற்கு ஓய்வே இல்லை. பாக்கு நறுக்க அதுதான், காலில் ஏறிய முள்ளை எடுக்க அதுதான், ஞாயிறு பூசைக்கு முன் நகம் வெட்டவும் அதுதான். அவன் மனைவி மாடில்டா அதில் வெங்காயம் அரிந்துவிட்டால் போதும், மனுசனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த வீட்டில் ஒரு கட்டு இருந்தது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பகை. தரையில் வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர்த் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகள் முழுக்க அதுதான் பழக்கம். இத்தனைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் நாள் தவறாமல் சண்டை போட்டார்கள், அது வேறு கதை.

வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதென்று, காலையில் பால்வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். பால்வெட்டுக் கத்தி வாளியில் கண்ணுக்குத் தெரியக் கிடக்கும், அதைக் கேட்பாரில்லை. இடுப்பில் செருகியதுதான் ஆபத்து. அந்தச் சனியனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போ, உயிரோடு விளையாடாதே என்று மாடில்டா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவன் கேட்டால்தானே!

அன்று வரிசையில் அவனுக்கு இரண்டு பேர் பின்னால் அவள் நின்றாள். வாசலில் புதிதாக வந்த சிப்பாய், தமிழ் தெரியாதவன். ராஃபேலின் இடுப்பில் புடைத்திருந்ததைப் பார்த்து அரிசிப் பொட்டலம் என்று நினைத்திருப்பான், பாவி. ராஃபேல் கத்தியை எடுத்துக் காட்டினான். சிப்பாய் கையை நீட்டினான்.

அந்தக் கையில் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பத்து வருஷப் பழக்கம் விடுமா? முன்பின் தெரியாதவனோடு நமக்கென்ன பகை என்று, தரையில் வைக்கச் சட்டெனக் குனிந்தான். கத்தியோடு பாய்கிறான் என்று சிப்பாய் பயந்துவிட்டான். சுட்டான்.

மாடில்டா ஓடிப்போய்ப் பார்த்தபோது கத்தி மடக்கியபடியே கிடந்தது.

மூன்றாம் நாள், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு அதைக் கொண்டுவந்தார். பழக்க தோஷம், அவரும் அவள் முன்னால் தரையில் வைக்கக் குனிந்தார். மாடில்டா கையை நீட்டினாள்.

“அவரு அந்தச் சிப்பாய் கையில குடுத்திருந்தா உசிரோட இருந்திருப்பாரு. நீங்க கையிலயே குடுங்க ஐயா.”

கிராணி கொடுத்தார்.