பனிக்கடியில் இருந்த கரை

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத் தொலைபேசியில் பூமணி அக்கா பேசினார். "தம்பி, அவர் விடியக் காலமை போயிட்டார்" என்று மட்டும் சொன்னார். அவருடைய கணவர் செல்வரத்தினம் அண்ணரை நீங்கள் சிட்னியில் நம் ஒன்றுகூடல்களில் கண்டிருப்பீர்கள். நான் ஏழு வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன்.

நாங்கள் இருவரும் ஒரு பதிப்பகத்தில் நிலப்படம் வரைபவர்கள். பள்ளிக்கூட நிலப்பட நூல் ஒன்றுக்காக வடதுருவத் தாள் அவரிடம் வந்தது. அதில் ஒரு விரிகுடா. வருடத்தில் பத்து மாதம் உறைந்து கிடப்பது. ஒடுங்கிய வாய், உள்ளே இரண்டு மொட்டைத் தீவுகள், தெற்கே வண்டல் கொட்டும் ஓர் ஆறு, கிழக்கே கடலுக்குள் இறங்கும் பனியாறு. பனியையே கண்டிராத யாழ்ப்பாணத்து மனிதர் மூன்று கிழமை அந்தக் குடாவை விட்டு வெளியே வரவில்லை. பழைய மாலுமிகளின் குறிப்புகளை நூலகத்திலிருந்து எடுத்து வந்து சாப்பிடும்போதும் வாசித்தார். முந்திய படங்கள் கிழக்குக் கரையென்று காட்டியது நிலமல்ல, பனியாற்றின் விளிம்பு என்று கண்டுகொண்டார். உண்மையான கரை பனிக்கடியில் எங்கே இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தைப் புள்ளிக்கோடாக விட்டார்.

மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அச்சகம் காத்திருக்கிறது, பிள்ளைகளின் புத்தகத்தில் சந்தேகம் இருக்கக்கூடாது என்று முழுக்கோடு போடச் சொன்னார். அண்ணர் மறுத்தார். மேலாளர் தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அண்ணர் பார்த்துக்கொண்டிருக்க, நான் முழுக்கோட்டை இழுத்தேன்.

அதுவரை என்னோடு சாப்பிட்டவர், அன்றிலிருந்து தனியாகச் சாப்பிட்டார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. ஆனாலும் என் குடும்பம் வந்திறங்கிய நாளில் தன் காரோடு விமான நிலையத்துக்கு வந்து நின்றார்.

மூன்று வருடங்களின் பின், ஆகாயத்திலிருந்து எடுத்த புதிய படங்கள் வந்தன. பனியாற்றின் நுனி உடைந்து போயிருந்தது. நான் நிலமென்று கோடு கீறிய இடத்தில் கடல். அடுத்த பதிப்புக்கான திருத்தம் அவரிடம் கொடுக்கப்பட்டது. அவர் தாளை என்னிடம் கொண்டுவந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதை விடும். உம்மட நிலைமை எனக்கு அண்டைக்கே தெரியும். ஆனா நீர் கீறினது, நீர்தான் அழிக்கவேணும்."

சவர அலகால் மையைச் சுரண்டினேன். தாள் கிழிந்துவிடாதபடி அவர் அதன் இரண்டு மூலைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். படங்கள் காட்டியவரை கரையைக் கீறி முடித்தபின்னும் ஒரு துண்டு பனிக்கடியில் மறைந்தே இருந்தது. என்ன செய்வதென்று கேட்டேன்.

"தெரியாததைத் தெரியாது எண்டு போடும். அதில வெக்கமில்லை."

அன்று மதியம் நாங்கள் மறுபடி ஒன்றாகச் சாப்பிட்டோம்.

செத்தவீட்டில் பூமணி அக்கா அண்ணருடைய பேனாக்களை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் வாங்கவில்லை. அவை அவருடைய பிள்ளைகளுக்கு உரியவை. பிழை செய்தவனை அந்தப் பிழையின் முன்னால் இருத்தி, அது திருந்தும்வரை கூடவே நின்றாரே, அந்த ஒரு மணி நேரத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.