பச்சை விளக்கு எரிந்தது

ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் துறைமுகத்தில் சூரை மீன் படகுகளுக்கு மென்பொருள் எழுதிவந்த ஐவர் பாஸ்கோ என்பவர், எச்சரிக்கைகள் விஷயத்தில் ஒரு துறவி. அவர் எழுதியதைச் சரிபார்க்கும்போதெல்லாம் கணினி மஞ்சள் எழுத்தில் புலம்பும். பிழை என்றால் வேலை நிற்கும். எச்சரிக்கை என்றால் நிற்காது. நிற்காத ஒன்றுக்காகத் திரும்பிப் பார்ப்பது பெரிய மனிதனுக்கு அழகல்ல என்று தீர்மானித்து, புலம்பலையே அணைத்து வைத்திருந்தார். அலுவலகம் அதைச் 'சுத்தமான திரை' என்று கொண்டாடியது.

அவருடைய மென்பொருளில் இயங்கும் அபயப் பெட்டி எளிமையானது. படகில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கரைக்கு அபயச் செய்தி போகும், பச்சை விளக்கு எரியும். செய்தியை அனுப்பும் கட்டளை, போயிற்றா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் பதில் சொல்லும். ஐவர் அதைக் காதில் வாங்கியதில்லை. கட்டளை கொடுத்த கையோடு விளக்கை ஏற்றிவிடுவார்.

முதல் பெட்டியை மனைவியின் தம்பி ஆன்டே ஸுவிச் தன் படகில் மாட்டிக்கொண்டான்.

"இது கால வாரிச்சுன்னா எங்க அக்காவத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன், மச்சான்."

"அதெல்லாம் சரியாப் போயிடும்டா."

தெற்கிலிருந்து காற்று கடலைப் புரட்டிய ஒரு மாலை, மற்றப் படகுகள் துறை சேர்ந்தன. ஆன்டேயின் படகு வரவில்லை. கரைத் திரையில் அபயச் செய்தி ஏதுமில்லை என்று ஐவர் மனைவிக்கு நிதானமாக விளக்கினார். கார்லா அவரையே பார்த்தாள்.

"அவன் அனுப்பலையா, அனுப்பினது வரலையா? உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. ஐவர் எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டார். வாய் பொத்தி நின்றவையெல்லாம் வரிசையாக வந்தன. அனுப்பும் கட்டளையின் பதிலை யாரும் பார்ப்பதில்லை என்றது முதல் வரி. இணைப்பே அறுந்திருந்தாலும் பச்சை எரியும். அவர் உட்காராமலே மீட்புப் படைக்குப் போன் செய்தார்.

விடிந்தபின் உயிர்காப்பு மிதவையிலிருந்து ஆன்டேயைத் தூக்கினார்கள். படகு இல்லை. அவனோடு போன யோசிப் என்ற சமையல்காரரும் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆன்டே மெதுவாகப் பேசினான். "பச்சை எரிஞ்சுது மச்சான். சேதி போயிடுச்சேன்னு ரேடியோவத் தொடாம தண்ணி இறைக்கப் போயிட்டேன். போயிடுச்சுன்னு உன் பெட்டிதானே சொல்லிச்சு?"

ஐவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பெட்டி போகலன்னுதான் சொல்லிச்சு. போயிடுச்சுன்னு சொன்னது நான்."