முகப்பு மேசையில் இரண்டு போன்

தங்கும் விடுதித் தொழிலில் போட்டி எப்படி, வேலை யாருக்கு என்று ஓர் ஆய்வு. சென்னையில் ஒரு நிறுவனம் கேள்விகளை அனுப்பும். நான் காரைக்குடியிலிருந்து பைக்கில் போய்ப் பதில்களைக் கொண்டுவருவேன். ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியாத எனக்குத் தோதான வேலை. வெயில், செம்மண், பூட்டிய கதவு, மறுபடி பூட்டிய கதவு, பிறகு திறந்த கதவு ஒன்று. திறந்திருந்தால் அது பெரும்பாலும் விடுதி.

கானாடுகாத்தானில் அப்படித் திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் இரண்டு விடுதிகள் இருந்தன. இந்தப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் கல்யாணமான மகன் தனிப் புள்ளி, தனிக் குடும்பம். கூரை ஒன்றுதான், அடுப்பு வேறு, கணக்கு வேறு. வளவு என்னும் நடுமுற்றத்தின் கிழக்குப் பக்க அறைகள் அண்ணனுக்கு, மேற்குப் பக்கம் தம்பிக்கு. ஆளுக்கொரு பெயர் வைத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாசல் பொது. முகப்பு மேசை பொது. அதன்மேல் இரண்டு போன். இரண்டையும் எடுப்பவர் ஒரே அம்மா, கண்டரமாணிக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்.

போட்டியாளர் யார் என்று அண்ணனிடம் கேட்டேன். யாருமில்லை என்றார். மேற்குப் பக்கம்?

"தம்பி எப்படிங்க போட்டியாவான்? நல்லாக் கேட்டீக."

நிரந்தரப் பணியாளரும் இல்லையாம். போன் எடுக்கும் அம்மா தம்பி வைத்த ஆள் என்றார். வளவைக் கடந்து தம்பியிடம் போனேன். அண்ணன் வைத்த ஆள் என்றார் அவர். சம்பளத்தில் பாதி இவர் தருகிறார், பாதி அவர். என் கணக்குப்படி அந்த வீட்டில் யாருமே வேலை பார்க்கவில்லை. போன் மட்டும் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

சரிபார்த்து வா என்றது அலுவலகம். மறுபடி போனேன். பணியாளருக்கென்று தனிக் கேள்விகள் உண்டு. முதல் கேள்வி, உங்கள் முதலாளி யார். முகப்பிலேயே கேட்டேன். அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தம்பி ஏசி மெக்கானிக்கோடு நின்றார்.

"அதத்தான் சார் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் அந்த அம்மா.

குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். மகள் லண்டனில் நர்ஸ். தலைப்பிரசவம். துணைக்குப் போக விசா வேண்டும். விசாவுக்கு வேலை பார்க்கும் இடத்திலிருந்து கடிதம் வேண்டும்: இவர் எங்கள் ஆள், லீவு கொடுத்திருக்கிறோம், திரும்பி வருவார் என்று. அண்ணனைக் கேட்டால் தம்பியைக் காட்டுகிறார், தம்பி அண்ணனைக் காட்டுகிறார். எழுதிக் கொடுப்பவர் தலையில் முழுச் சம்பளமும் விழுமே என்ற பயம் இருவருக்கும். அங்கே மகளுக்கு நாள் நெருங்குகிறது.

தம்பி சிரித்தபடி வந்தார். "பாத்துக்கலாம்மா. நீங்க எங்க வீட்டு ஆளு மாதிரி."

"மாதிரின்னு எழுதிக் குடுத்தா விசா தருவாகளா ஐயா? கடுதாசி யாரு தர்றீகளோ, அவுக போனை எடுக்குறேன். மத்தது அடிக்கட்டும்."

சொல்லி வைத்ததுபோல் தம்பியின் போன் அடித்தது. அந்த அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மணியோசை தூண் தூணாகப் போய் முட்டி, வளவின் வெயிலில் விழுந்து, எழுந்து, மறுபடி முட்டியது. நின்றுவிட்டது. ஓர் அறைக்கான வாடகை போயிருக்கும்.

அண்ணனின் மனைவி, அந்த அம்மாவுக்கு ஆச்சி, உள்ளிருந்து வந்தார். "சீசன் நேரம். நம்ம புள்ளியில எழுதிக் குடுங்க" என்றார் கணவரிடம். தம்பி என்ன நினைப்பான் என்று அவர் இழுத்தார்.

"அவுக போனை அவுக எடுத்துக்கிருவாக."

அப்போதுதான் தம்பிக்கு வேகம் வந்தது. தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அண்ணன் பேப்பரை மடித்தார். ஒருவரையொருவர் போட்டியென்று சொல்லக் கூசிய இருவரும் ஒரே ஆளுக்காக என்னெதிரே நின்றார்கள். மெக்கானிக் கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ஆச்சிதான் மொதல்ல சொன்னாக" என்று முடித்துவிட்டார் அந்த அம்மா.

கடிதம் பிரிண்ட் ஆகி வந்தது. வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். திரும்பி வருவார், வேலை அவருக்காக இருக்கும் என்ற வரி இல்லையாம். சேர்த்துக் கையெழுத்து வாங்கியபின்தான் கைப்பைக்குள் வைத்தார்.

அண்ணன் பக்கம் பணியாளர் ஒருவர் என்று திருத்தினேன். தம்பி என்னைத் தனியே கூப்பிட்டு, இங்கிலீஷ் பேசும் பெண் யாராவது தெரியுமா என்று கேட்டார். காலியிடம் ஒன்று என்று எழுதிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

"எங்க ஊருல ஒரு பொண்ணு இருக்கு ஐயா. வரச் சொல்றேன். மொதநாளே கடுதாசி குடுத்துருங்க."