கங்காணிக்கு விழுந்த ஒரே சீட்டு

இன்று எங்கள் தேயிலைத் தோட்டச் சங்கத் தலைவர் தேர்தல். எனக்குச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை!

இதுவரை எல்லோரும் எங்களை வேலை வாங்கும் கங்காணி முன்னால் கை தூக்குவோம். அவருக்குத் தூக்காதவருக்கு மறுநாள் கொழுந்தே இல்லாத மலையில்தான் வேலை, கூலியும் குறையும்.

இம்முறை நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஒருவராக, என்னையும் சேர்த்துப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தோம். பத்து லயத்திலும் ஒரே நேரத்தில் அவரால் நிற்க முடியாதே! நாங்கள் பத்துப் பேரும் ரகசியமாகச் சீட்டெழுதித் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம். இந்தியாவில் ஜனாதிபதியையும் மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லையாம். பள்ளிக்கூட மாஸ்டர் சொன்னார்.

கொழுந்தெடுக்கும் செல்லம்மாவுக்கு ஒன்பது சீட்டு. கங்காணிக்கு ஒன்று.

"நீ யாருக்குப் போட்ட?" என்று கங்காணி என்னைப் பிடித்தார்.

"அந்த ஒரு சீட்டு என்னுதுதாங்கய்யா!"

"ஒனக்கு முன்னால ஒம்பது பேரும் இதையேதான்டா சொன்னானுங்க!"

உண்மையாகவே அவருக்குப் போட்டவர் யாரப்பா? பாவம், உன்னையும் அவர் நம்பவில்லையே!