கறுப்பு டின்களும் சித்தியின் சிரட்டையும்

தம்பி டெங்கிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய மாதம், லூனாஸ் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு ஒரு மலாய் மாது வந்தார். கொசு எங்கே முட்டையிடுகிறது என்று ஆராய்கிறாராம். லயத்தார் எல்லாரும் தமக்குக் கூட்டாளிகள் என்று சொல்லி, வீட்டுக்கொரு கறுப்புச் சாயம் பூசிய பால் டின் கொடுத்தார். விதிகள் மூன்று: பாதித் தண்ணீர் ஊற்ற வேண்டும், வாசலோரம் நிழலில் வைக்க வேண்டும், ஒரு வாரம் தொடக்கூடாது.

முதல் இரண்டையும் எல்லாரும் செய்தார்கள். மூன்றாவது எங்கள் லயத்தில் நடக்கிற காரியமில்லை. வாசலில் பழைய தண்ணீர் நின்றால் அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி என்ன பேசுவார்கள்? பால்மரம் வெட்டிவிட்டு வந்ததும் ஒவ்வொருத்தியும் டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் புதுத் தண்ணீர் பிடித்து வைத்தாள். தம்பிக்குக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டியிருந்ததால், அம்மா மட்டும் தொடாமல் விட்டார்.

வார முடிவில் எங்கள் டின்னில் மட்டும் புழு நெளிந்தது. "பாகுஸ்!" என்று மாது பாராட்டினார். வகுப்பில் முதலாவதாக வந்ததுபோல் எனக்குப் பெருமை. குழாயடியில் வேறு பேச்சு ஓடியது.

"புழு வீட்டுக்காரி வர்றா, தள்ளி நில்லுங்க லா!"

"புள்ளைக்கு ஏன் காய்ச்சல் வந்துச்சுன்னு இப்பத்தானே தெரியுது."

முதல் பேச்சுக்கு அடுத்த வீட்டுச் சித்தியும் சிரித்தார். இரண்டாவதற்குச் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா, எல்லாரும் போன பிறகே தண்ணீருக்குப் போனார்.

மாது இன்னொரு வாரம் டின்களை வைக்கச் சொன்னார். அவர் வருவதற்கு முதல் நாள், லயத்துக்குப் பின்னால் கிடந்த பழைய டயரில் தேங்கிய தண்ணீரைச் சித்தி தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு தம் டின்னில் ஊற்றுவதைப் பார்த்தேன். பிறகு சிரட்டையோடு வீடு வீடாகப் போனார்.

"சீ, அத என் டின்னுலயா ஊத்தச் சொல்றீங்க?"

"ஊத்திக்கடி. ஒரு வீட்டுல மட்டும் புழு இருந்தா நல்லாவா இருக்கு? குழாயடியில பேசுன வாய்க்கு இதுதான்."

மறுநாள் எல்லா டின்னிலும் புழு. சித்தியின் டின்னில்தான் அதிகம். மாது வெகுநேரம் டின்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை யாரையும் பாராட்டவில்லை. இப்போது ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு, அவர் எடுத்த அந்த இரண்டு வாரப் புழுக் கணக்கும் எதற்கும் உதவாது என்று தெரியும்.

அன்று மாலை அம்மா எல்லாரோடும் குழாயடிக்குப் போனார். திரும்பி வந்ததும் கருவாட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, சித்தியிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். எங்கள் முதலிடத்தைக் கள்ளத்தனமாகப் பிடுங்கிக்கொண்டவருக்குக் குழம்பு ஒரு கேடா என்று எனக்கு ஒரே ஆத்திரம். கிண்ணத்தை நீட்டும்போது சித்தியின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.