பிரஷ் அக்காவின் பூஜ்ஜியம்

மலைப்பாதை வாசலில் நின்று, ஏறப் போகிறவர்களின் செருப்பையும் ஷூவையும் தேய்த்துச் சுத்தம் செய்வதுதான் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் பிரஷ் அக்கா. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம், மேலே போய்ப் பார்த்தவர்களுக்கு வராது. மரமே வளராத உயரம் அது. குளிருக்குப் பயந்து தரையோடு ஒட்டிக்கிடக்கும் செடிகள், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் படர ஐம்பது வருஷம் எடுத்துக்கொள்ளும். கீழே கண்ட இடமெல்லாம் மண்டும் மஞ்சள் பூக் களை ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தால் போதும், நாலே மழையில் அவ்வளவையும் அமுக்கிவிடும். அதன் விதை முழுக்கக் கொக்கி; செருப்பில் தொற்றிக்கொண்டே மேலே ஏறிவிடும்.

அதனால் அக்காவிடம் யாருக்கும் சலுகை கிடையாது. ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர், "நான் யாருன்னு தெரியுமா?" என்றார்.

"எனக்குத் தெரியும் சார். அந்த விதைக்குத் தெரியாதே," என்று முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள். மனிதர் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை செடி ஆராய்ச்சி மேடம் மேலே போய்க் களைகளை எண்ணுவார். ஒன்பது வருஷமாக அவர் எழுதியது பூஜ்ஜியம். பத்தாவது வருஷமும் அப்படியே வந்தால், மற்ற மூன்று பாதைகளிலும் பிரஷ் வாசல் வைப்பதாகப் பேச்சு. அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

மேடம் வருவதற்கு முதல் நாள், மழை விட்டதும் மேலே போய்ப் பார்த்தாள். அவள் வழக்கமாக உட்கார்ந்து சாப்பிடும் பாறையடியில் ஒரு மஞ்சள் பூ.

கூட வந்த டிக்கெட்காரர், "பிடுங்கிப் போட்டுட்டு வாயை மூடிக்கங்க அக்கா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

அவள் தன் கம்பளிச் சால்வையைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் நாலு கொக்கி விதை. அத்தனை பேர் காலையும் தேய்த்தவள் தன் சால்வையை ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள், வேரோடு பிடுங்கிய செடியையும் சால்வையையும் மேடத்தின் மேசைமேல் வைத்தாள். "ஒண்ணுன்னு எழுதுங்க மேடம். கொண்டு போனது நான்தான்."

மேடம் சால்வை ஓரத்து விதைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒன்று என்று எழுதி, "நான் வர்றதுக்கு முன்னாடி யாராவது பிடுங்கிடறாங்களோன்னு, இந்தப் பூஜ்ஜியத்தை இத்தனை வருஷமா நான் முழுசா நம்பலை. இப்பத்தான் நம்புறேன்," என்றார்.

மேடத்தின் சிபாரிசில் மூன்று வாசல்களும் வந்தன. நாலிலும் காலையில் முதல் வேலை, வாசலில் நிற்பவர் தன் துணியை உதறுவது. அதற்குப் பெயரே 'அக்கா உதறல்'. பூஜ்ஜியத்தைச் சொல்லித் திரிந்த நாளில்கூட அவள் தலை இவ்வளவு நிமிர்ந்ததில்லை.